பலிகொடுக்க ஒரு படலம்

சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில் இருக்கும் கிராஞ்சி, கார் பெயின்டைப் பழிவாங்கவென்றே அமைந்த ஊர். ஒரு பக்கம் சுங்கை காடுட் தொழிற்பேட்டை. அங்கிருந்து மரத்தூளும் உலோகத்தூளும் வரும். தலைக்கு மேல் 1996 முதல் ஓடும் எம்ஆர்டி ரயில். அதன் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் தேயத் தேயக் கண்ணுக்குத் தெரியாத இரும்புப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும். சற்றுத் தள்ளி, ஆற்றின் வாயை அடைத்து 1975இல் உண்டாக்கிய கிராஞ்சி நீர்த்தேக்கம், அதற்கு அருகே சுங்கை பூலோ ஈரநிலம். ஈரநிலம் என்றால் பறவைகள், பறவைகள் என்றால் எச்சம். உட்லண்ட்ஸ் பக்கம் ஜொகூர் கடற்பாலத்துக்குப் போகிற, வருகிற லாரிகளின் டீசல் புகை.

வானமும் சும்மா இருப்பதில்லை. 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி சிங்கப்பூரில் ஆண்டுக்கு 171 நாள் மழை; மொத்தம் 2,113 மில்லிமீட்டர். மழை விட்ட அரைமணியில் வெயில் சுள்ளென்று அடிக்கும். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிகூட வடக்கே இல்லாத ஊர். மேகமில்லாத மதியங்களில் புறஊதாக் குறியீடு 11ஐத் தொட்டுவிடுவது இங்கே செய்தியே இல்லை.

இப்படிப்பட்ட ஊரில், வாகன உரிமைச் சான்றிதழுக்கே காரின் விலையளவு பணம் கட்டி வாங்கிய காரைத் திறந்தவெளியில் நிறுத்துகிறவருக்குக் கவலை வருவது நியாயம். கடைக்குப் போகிறார். அலமாரியில் கார்னோபா மெழுகு டப்பா, சிந்தெட்டிக் சீலன்ட் பாட்டில், அதற்கும் மேலே செராமிக் கோட்டிங். ஒவ்வொன்றும் தன்னைத் தவிர வேறெதையும் வாங்காதே என்கிறது. எதை வாங்குவது? இதற்குப் பதில் சொல்ல முதலில் எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று பார்க்கவேண்டும்.

நாம் பெயின்ட் என்று சொல்வது உண்மையில் பல அடுக்கு. தகட்டின் மேல் பாஸ்பேட் பூச்சு, அதன் மேல் மின்சாரத்தால் படிய வைத்த துருத்தடுப்புப் பூச்சு, பிறகு பிரைமர், பிறகு நிறம், கடைசியில் நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான். இதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். ஒரு செய்தித்தாளின் தாள் இதைவிடக் கனம். வெயிலையும் மழையையும் நேரில் வாங்கிக்கொள்வது இந்த மேலடுக்குதான். இது பெயின்ட் என்பதைவிடப் பிளாஸ்டிக் என்பதே பொருத்தம்: அக்ரிலிக் சங்கிலிகளை மெலமைன் அல்லது யுரேத்தேன் கண்ணிகளால் குறுக்கே கட்டிய வலை. இந்த வலைக்குள்ளேயே புறஊதாவை விழுங்கும் மூலக்கூறுகளையும், வெயிலில் பிறக்கும் தனியுறுப்புகளைப் பிடித்து அடக்கும் அமீன் மூலக்கூறுகளையும் உற்பத்தியாளர் கலந்துதான் அனுப்புகிறார்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1924இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் கார்கள் டூபான்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் நீல நிறம் பூசி வந்தன. அதுவரை வார்னிஷ் உலரவே வாரக்கணக்கில் ஆகும்; டூக்கோ மணிக்கணக்கில் உலர்ந்தது. ஆனால் அந்தப் பூச்சு வெயிலில் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்துவிடும். வெளுத்ததைத் தேய்த்து எடுத்து மேலே மெழுகு பூசினால்தான் மறுபடி முகம் தெரியும். சிகாகோவில் 1910 வாக்கில் தொடங்கிய சிமனைஸ் போன்ற மெழுகு நிறுவனங்கள் கொழித்தது அந்தக் காலத்தில்தான். மாதம் தவறாமல் வேக்ஸ் போடு என்று அப்பாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பெயின்டுக்காக. 1980களில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் பூசும் முறை பரவிய பிறகு பெயின்ட் மாறிவிட்டது. உபதேசம் மட்டும் மாறவில்லை.

மெழுகு டப்பாவில் முதலில் கண்ணில் படும் வாக்குறுதி புறஊதாப் பாதுகாப்பு. இதைச் சின்னக் கணக்கு ஒன்றால் சோதித்துவிடலாம். ஒரு படலம் எவ்வளவு ஒளியை விழுங்கும் என்பது அதன் கனத்தைப் பொறுத்தது. 40 மைக்ரான் கிளியர் கோட் தனக்குள் இருக்கும் புறஊதா விழுங்கிகளால் 100இல் 99 பங்கைத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துடைத்து மினுக்கிய பிறகு மிஞ்சும் மெழுகுப் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, தாராளமாகவே 0.2 மைக்ரான் என்று கொடுத்து, அதே அடர்த்தியில் அதே விழுங்கிகளை அதற்குள் போட்டாலும் அது தடுப்பது 100இல் 2 பங்கு சொச்சம். வெயிலுக்காக மெழுகு வாங்குகிறவர் ஏமாறுகிறார். வெயிலுக்கு மருந்து கூரைதான்.

அப்படியானால் மெழுகும் சீலன்ட்டும் எதற்கு? தண்ணீருக்கு. இன்னும் சரியாகச் சொன்னால், தண்ணீரில் கரைந்து வருகிறவற்றுக்கு.

மாசில்லாத காற்றில் பெய்யும் மழையே லேசான புளிப்புதான். காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து அதன் பிஎச் அளவு 5.6 ஆகிவிடும். சிங்கப்பூர் மழை அதைவிடப் புளிப்பு. 4க்கும் 5க்கும் இடையில் இருப்பது வழக்கம். ஆலை, கப்பல், வாகனப் புகையிலிருந்து வரும் கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள் காரணம். பக்கத்துத் தீவுகளில் காடு எரிந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் அந்தப் புகையும் சேர்ந்துகொள்ளும். பிஎச் 4.5 என்பது பெயின்டை ஒன்றும் செய்யாது. ஆபத்து மழை நின்ற பிறகுதான் தொடங்குகிறது.

வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் காக்கைக்கும் நரிக்கும் கல்யாணம் என்பார்கள். அந்தக் கல்யாணத்தில் கைப்பணம் போவது கார்க்காரருக்கு. பானட்டின் மேல் ஒரு துளி நிற்கிறது. கறுப்புக் காரின் தகடு மதிய வெயிலில் 65, 70 டிகிரிக்குப் போய்விடும். துளியிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது. கந்தக அமிலம் ஆவியாவதில்லை. துளி பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் பிஎச் 4.5 என்பது 3.5 ஆகும், நூறில் ஒன்றானால் 2.5, ஆயிரத்தில் ஒன்றானால் 1.5. எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையான அமிலம், 70 டிகிரிச் சூட்டில், ஊசிமுனை அகலத்துக்கு. மெலமைன் கண்ணிகள் அமிலத்தில் அறுந்துபோகும் ரகம். வலை அறுந்த இடத்தில் பொருள் கரைந்து ஒரு பள்ளம் விழுகிறது. காலையில் சாய்வாகப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாகத் தெரிவது இதுதான். அழுக்கென்று நினைத்து எவ்வளவு தேய்த்தாலும் போகாது; அங்கே இருப்பது அழுக்கல்ல, பள்ளம்.

உலகெங்கும் பெயின்ட் நிறுவனங்கள் இதற்கு அஞ்சித்தான் தங்கள் மாதிரித் தகடுகளை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் கோடை முழுக்க வெயில், மழையில் போட்டுச் சோதிக்கின்றன. வெப்பம், ஈரம், புளிப்பு மழை மூன்றும் அங்கே சேர்ந்து கிடைக்கும். அங்கே அது கோடைக்கு மட்டும். நமக்கு ஆண்டு முழுக்க.

பறவை எச்சம் இன்னும் சுவாரசியமானது. அதன் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம் என்பதால் அமிலம்தான் அரிக்கிறது என்று நீண்ட நாள் நம்பினார்கள். ஈரானிய ஆய்வாளர்கள் எச்சத்தையும், அதற்கு ஈடாகக் கணையச் சுரப்பிலிருந்து கிடைக்கும் பான்கிரியாட்டின் என்ற நொதிக் கலவையையும் கிளியர் கோட்டில் தடவிப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே மாதிரிச் சேதம் செய்தன. பறவையின் வயிற்றில் மீனையும் புழுவையும் செரிக்க வைத்த அதே நொதிகள் பெயின்ட் வலையையும் செரிக்கப் பார்க்கின்றன என்பது அவர்கள் முடிவு. இதோடு இன்னொரு காரியமும் நடக்கிறது. வெயிலில் கிளியர் கோட் இளகி விரியும். எச்சம் காய்ந்து இறுகும். மாலையில் குளிர்ந்து சுருங்கும் கிளியர் கோட், இறுகிய எச்சத்தின் வடிவத்தைத் தன் மேல் பதித்துக்கொள்ளும். நொதியோ அமிலமோ சூடோ, எதுவானாலும் நேரம்தான் கணக்கு. மதிய வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே தழும்பு விழலாம். மெழுகுப் படலம் இருந்தால் எச்சம் அதை முதலில் தின்னும். உங்களுக்கு அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். எந்த டப்பாவும் எச்சத்தை வாரக்கணக்கில் தாங்காது.

படலத்தின் உத்தியோகம் இப்போது தெளிவாகிவிடுகிறது. திரும்ப வளராத 40 மைக்ரானுக்குப் பதிலாகத் தான் அழிவது. அழிவதுதான் அதன் வேலை என்றால், கேட்கவேண்டிய கேள்வி எது அதிகம் மின்னும் என்பதல்ல. கிராஞ்சி வெயிலிலும் மழையிலும் எது மெதுவாக அழியும்?

கார்னோபா வடகிழக்குப் பிரேசிலில், சியாரா, பியாவீ மாநிலங்களில் வளரும் ஒரு பனையின் மெழுகு. கோடையில் நீர் போய்விடாதிருக்க அந்த மரம் தன் ஓலைமேல் பூசிக்கொள்வது. ஓலையை வெட்டி, உலர்த்தி, அடித்து உதிர்த்துச் சேர்க்கிறார்கள். இயற்கை மெழுகுகளில் இதுவே கடினமானது. தேன்மெழுகு 62 டிகிரியில் உருகத் தொடங்க, இது 82 வரை தாங்கும். மிட்டாய்க்கு மினுக்குக் கொடுக்கவும் இதைத்தான் பூசுகிறார்கள். ஆனால் சுத்தமான கார்னோபா கல் மாதிரி இருக்கும். காரில் தேய்க்கவே முடியாது. கரைப்பானும் எண்ணெய்களும் இளகிய மெழுகுகளும் சேர்த்தால்தான் டப்பாவுக்குள் வரும். 82 டிகிரி என்ற பெருமை அந்தக் கலவையில் கரைந்துவிடுகிறது. 70 டிகிரித் தகட்டில் கலவை இளகும். எண்ணெய்ப் பகுதி மெல்லப் போகும். மிஞ்சியது பெயின்டோடு எந்த வேதிப் பிணைப்பும் இல்லாமல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். கடுமையான ஷாம்பூ ஒன்று போதும். வெளியே நிற்கும் காரில் இங்கே அது நான்கைந்து வாரம் தாங்கினால் பெரிது. கறுப்பு, அடர் சிவப்புக் கார்களில் அது தரும் ஈரம் ததும்பும் ஆழம் வேறெதிலும் வராது என்பதை மறுக்கமாட்டேன். அந்த அழகுக்காக ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுக்கத் தயாராக இருப்பவர் தாராளமாக வாங்கலாம். அது பொழுதுபோக்கு, பாதுகாப்பு என்ற கணக்கில் எழுதவேண்டாம்.

சீலன்ட் வேறு சாதி. பெரும்பாலானவற்றின் உயிர் சிலிக்கோன்: சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி, அதில் அங்கங்கே அமினோ குழுக்கள். அந்த அமினோ முனைகள் கிளியர் கோட்டின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்கின்றன. சில மணி நேரத்தில் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துகொள்கின்றன. மெழுகின் கரிமச் சங்கிலியைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றிச் சிதைக்க முடியும். சிலிக்கோனின் முதுகெலும்பு ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட ஒன்று; அதில் மேலும் ஆக்சிஜனேற்ற மிச்சமில்லை. 70 டிகிரி அதற்கு ஒரு சூடே அல்ல. பாட்டிலில் ஆறு மாதம் என்று போட்டிருந்தால் நம் ஊரில் மூன்று, நான்கு மாதம் என்று படித்துக்கொள்ளுங்கள். அதுவே மெழுகைப்போல மூன்று மடங்கு.

டெஃப்ளான் கலந்தது என்று ஒரு வகை வரும். டெஃப்ளான் 327 டிகிரியில்தான் உருகும். தோசைக்கல்லில் அதை ஒட்டவைப்பது அதற்கும் மேலான சூட்டில். கையால் தேய்த்துக் காரில் ஒட்டவைக்கலாம் என்பதை நம்புகிறவர் நம்பட்டும்.

செராமிக் கோட்டிங் என்பது பெரும்பாலும் பாலிசிலசேன் என்ற திரவம். காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, அம்மோனியாவை வெளிவிட்டு, ஒன்றிரண்டு மைக்ரான் கனத்தில் சிலிக்கா போன்ற படலமாக இறுகுகிறது. மூன்றிலும் உறுதியானது இதுதான், சந்தேகமில்லை. ஆனால் விளம்பரத்தில் வரும் 9எச் என்ற எண் வைரம், மாணிக்கம் வரிசையில் உள்ளது அல்ல, பென்சில் கடினத்தன்மை. 9எச் பென்சிலால் கீறினால் கீறல் விழாது என்பது மட்டுமே அதன் பொருள். காருக்குக் கீறல் போடும் மணல் துகள் பென்சில் ஈயத்தைவிடப் பல மடங்கு கடினம். இன்னொன்று: ஈரத்தால் இறுகும் பொருள், 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் உள்ள நம் காற்றில் அவசரமாக இறுகும். பூசிய இடத்தைத் துடைத்துச் சமப்படுத்தக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். தவறினால் மேடு அப்படியே நின்றுவிடும், பாலிஷ் மெஷினால் தேய்த்தால்தான் போகும். வீட்டில் செய்யும் வேலையல்ல. கைதேர்ந்தவரிடம் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரம் வெள்ளிக்கு மேல்.

மூன்றையும் விற்பவர்கள் சேர்ந்து காட்டும் படம் ஒன்று உண்டு: தாமரை இலைமேல் உருளும் நீர்முத்து. தாமரை இலைத் தண்ணீர் என்பது நம் பேச்சில் எத்தனையோ காலமாக இருக்கிறது. அதன் ரகசியத்தை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997இல் விரிவாக விளக்கினார். இலையின் மேல் மெழுகு இருக்கிறது. மெழுகு மட்டுமல்ல, நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் இன்னும் நுண்ணிய மெழுகுத் துகள்களும் இருக்கின்றன. துளி மேடுகளின் உச்சியில்தான் உட்காருகிறது, அடியில் காற்று. அதனால்தான் துளிக்கும் பரப்புக்கும் இடையிலான கோணம் 150 டிகிரியைத் தாண்டுகிறது. சமதளத்தில் எந்த வேதிப்பொருளைப் பூசினாலும் இந்தக் கோணம் 120ஐத் தாண்டாது. மெழுகும் சிலிக்கோனும் 100, 110க்குள் நின்றுவிடும். மின்னவேண்டும் என்றால் பரப்பு வழவழப்பாக இருக்கவேண்டும். தாமரை இலையாகவேண்டும் என்றால் சொரசொரப்பாக இருக்கவேண்டும். கார் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

ஆகவே முத்து முத்தாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்து மகிழ்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம். கதவில் நிற்கும் முத்து வழிந்து ஓடிவிடும். பானட்டிலும் கூரையிலும் நிற்கும் முத்து அங்கேயே வெயிலில் சுருங்கி, மேலே பார்த்த அமிலக் கணக்கைத் தொடங்கும். படலம் அதைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் வாரக்கணக்கில் அல்ல. மழைக்குப் பின் கிடைத்த நேரத்தில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைப்பது எந்தப் பூச்சுக்கும் மேல்.

பூசுவதற்கு முன் செய்யும் வேலைதான் பாதி. ரயில் பாதைக்கும் பட்டறைக்கும் பக்கத்தில் நிற்கும் வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் அது பெயின்ட் துருப்பிடித்ததல்ல. வந்து பதிந்த இரும்புத் துகள்கள் துருப்பிடிப்பது. அதன்மேல் சீலன்ட் பூசினால் துருவையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள். இரும்பு நீக்கும் திரவம் தெளித்தால் ஊதா நிறமாக வழியும். அதிலுள்ள தயோகிளைக்கோலேட், முடியைச் சுருட்டும் பார்லர் திரவத்திலும் இருப்பதுதான். நாற்றத்தை வைத்தே அடையாளம் காணலாம். அடுக்குமாடி வாகனப் பேட்டைகளில் நிறுத்துகிறவருக்கு வேறு எதிரி: கான்கிரீட் வழியே கசிந்து சொட்டும் சுண்ணாம்பு நீர். அது அமிலமல்ல, கடுங்காரம். காய்ந்து வெள்ளைக் கறையானால், தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் போட்டு எடுத்தால் கரையும், சுரண்டவேண்டாம். பாலிஷ் என்பது இன்னொரு விஷயம். அது பூசுவதல்ல, கிளியர் கோட்டை ஒன்றிரண்டு மைக்ரான் சீவி எடுப்பது. வருடத்துக்கு இரண்டு முறை பாலிஷ் செய்து காரைப் பாதுகாக்கிறேன் என்பவர், காப்பாற்ற வந்த பொருளைத்தான் செலவழிக்கிறார்.

எங்கே கழுவுவது என்பதும் கிராஞ்சியில் சின்ன விஷயம் அல்ல. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. இங்கே தெருவோர வடிகாலில் விழுவது நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சுத்திகரிப்பு முடிந்து குழாயில் வரும். காரிலிருந்து தேய்ந்து போகிற சிலிக்கோன், மெழுகு, இரும்பு நீக்கும் திரவம் எல்லாம் எங்கோ மறைந்துவிடுவதில்லை. அதனால்தான் கார் கழுவும் இடங்களின் தண்ணீர் கழிவுநீர்க் குழாயோடு இணைக்கப்பட்டிருக்கவேண்டும் என்பது விதி. கடற்பாலம் தாண்டி ஜொகூரில் மலிவாகக் கழுவிக்கொண்டு வருகிறவர்கள் பலர். அங்கே ஒரே துணியால் பத்துக் காரைத் துடைப்பவரிடம் மாட்டினால், மிச்சம் பிடித்த வெள்ளிகள் வட்டக் கீறல்களாகக் காரின்மேல் எழுதியிருக்கும்.

இங்கே ஒரு முரணையும் சொல்லவேண்டும். ஆயிரம் வெள்ளிக்குச் செராமிக் போட்ட முதலாளியின் கார் நிலவறைப் பேட்டையில் நிழலில் தூங்கும். தொழிலாளர் விடுதியிலிருந்து வேலையிடத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் நிறுவனத்து வேனும் லாரியும் பகல் முழுக்கக் கிராஞ்சி வெயிலில் நிற்கும். அவற்றுக்கு யாரும் ஒரு சொட்டு சீலன்ட்கூடப் போடுவதில்லை. இயற்பியல்படி தேவை நேர்மாறு.

என் தீர்ப்பு இது. காருக்கு வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டு. அதன்பின் பல கார்கள் பதிவிலிருந்து எடுக்கப்படும். அரசு தரும் கழிவு காரின் வயதைப் பார்க்குமே தவிரப் பளபளப்பைப் பார்க்காது. இக்காலக் கிளியர் கோட் ஒழுங்காகக் கழுவினால் அந்தப் பத்து ஆண்டைத் தானே தாங்கும். கூரையடியில் நிறுத்துகிறவருக்குப் பிடித்தது எதுவோ அது. திறந்தவெளியில் நிறுத்துகிறவருக்குச் சாதாரண சிந்தெட்டிக் சீலன்ட், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. ஆண்டுக்கு ஒரு பாட்டிலே போதும். செராமிக், ஐந்தாறு ஆண்டு வைத்திருக்கப் போகிற புதுக் காருக்கு, அதுவும் கையில் பணம் மிஞ்சினால்.

கார்க் கதவுப் பையில் ஒரு சின்ன தண்ணீர் பாட்டிலும் பழைய மைக்ரோஃபைபர் துணியும் எப்போதும் இருக்கட்டும். எச்சத்தைக் கண்டால் ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவிட்டு எடுங்கள், காய்ந்ததைத் தேய்க்காதீர்கள். சீலன்ட் தீர்ந்துவிட்டதா என்று பார்க்கக் காரைக் கழுவிய பிறகு பானட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். முத்தாகத் திரளாமல் பரந்து நின்றால் அந்த வாரமே மறுபடி பூசுங்கள். திரண்டு ஓடினால், அடுத்த பாட்டில் வாங்க இன்னும் நாள் இருக்கிறது.